லீவும் வழி ஜெபமும்

ஆங்கிலம் கற்றுக்கொடுத்தே நரைத்தவன் நான். அந்த மொழியில் எத்தனையோ நல்ல சொற்கள் உண்டு. நம் ஊர் அவற்றில் பலவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் ‘லீவு’ என்ற ஒன்றை மட்டும் பிள்ளையைத் தத்தெடுப்பது போல வீட்டுக்குள் கூட்டிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, சேர வரும் பையன்களுக்கு ஆங்கில எழுத்தே கோணல்மாணலாகத்தான் வரும். லீவு மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கும். தேர் ஓடினால் லீவு, பிறை தெரிந்தால் லீவு, கிறிஸ்துமஸுக்கு லீவு. கலெக்டர் செத்தால் லீவு என்றும் ஒரு பேச்சு உண்டு. நான் இருந்த வரையில் எந்தக் கலெக்டரும் சாகவில்லை. பையன்கள் நம்பிக்கையை விடவும் இல்லை.

‘லீவு என்றால் என்ன அர்த்தம்?’ என்று கேட்டால், ‘பள்ளிக்கூடம் கிடையாது’ என்பார்கள். அது அர்த்தமில்லை, விளைவு. லீவு என்றால் அனுமதி. வெள்ளைக்காரன் விருந்து முடிந்து கிளம்பும்போது ‘லீவு எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், போக உத்தரவு கேட்கிறான் என்று பொருள். நம் கல்யாண வீடுகளில் பெரிய மனிதர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ‘அப்ப உத்தரவு வாங்கிக்கிறேன்’ என்பதும் அதேதான். கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் கேட்பது. எங்கள் வீட்டில் அந்தத் தைரியம் யாருக்கும் கிடையாது.

ஏனென்றால் லீவு என்பது என் அப்பாவின் தொழில். இராஜபாளையத்தில் அப்போது புதிதாக எழும்பியிருந்த ஒரு பஞ்சாலையில் அவர் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எப்போது உள்ளே வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு லீவு என்பதெல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் யாரிடமும் ‘லீவு கிடையாது’ என்று சொன்னதே இல்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவரால் முடியாது, பிறவிக் குணம். அதற்குப் பதிலாக விசாரிப்பார். கொழுந்தியாளுக்குக் கல்யாணம் என்று ஒருவன் வந்து நிற்பான். எந்த ஊர் மாப்பிள்ளை, எத்தனை பிள்ளைகளில் எத்தனையாவது, பெண்ணுக்கு என்ன வயது, மழை வந்தால் பந்தலுக்கு என்ன செய்வீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்குள் ஷிப்டுச் சங்கு ஊதிவிடும். அவன் உள்ளே ஓடவேண்டியதுதான். ‘அவியகிட்ட லீவு கேட்டா சங்குதான் பதில் சொல்லும்’ என்று மில்லில் ஒரு பேச்சு இருந்தது. அது அப்பாவுக்கும் தெரியும். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த அப்பாவிடம்தான் என் தங்கை லீவு கேட்டாள். யுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம். நர்சுகள் பலரைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டதால் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்களைப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மாவுக்கு டைபாயிடு காய்ச்சல் வந்தபோது, இரவு பகலாகக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் தங்கைதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து பார்த்துப்போன நர்சம்மாள் அவள் கை சுத்தத்தையும் வாய் அடக்கத்தையும் கவனித்து வைத்திருந்து, மதுரையில் சொல்லி ஓர் இடம் வாங்கிவிட்டாள். ஒரே நிபந்தனை. அந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்து சேரவேண்டும். வராவிட்டால் காத்திருக்கும் வேறொருத்திக்கு அந்த இடம் போய்விடும்.

அந்தக் காலத்தில் நர்சு வேலைக்கு எங்கள் ஜனங்களிடையே இரண்டு பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அது ஊழியம். திங்கட்கிழமை பெண் பார்க்க வருகிற இடத்தில் அது கண்டவனைத் தொடுகிற வேலை. அப்பா என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. தங்கை கேட்டபோது அவர் விசாரித்தார். ஆஸ்பத்திரியில் கிணறு உண்டா, ராத்திரி யார் கதவைச் சாத்துவார்கள், சோறா கஞ்சியா, மேட்ரன் அம்மாள் எந்தச் சபையைச் சேர்ந்தவர். எல்லாவற்றுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். கடைசியில், ‘செவ்வாக்கிழமை கிளம்பட்டும், ஜெபம் பண்ணி அனுப்புவோம்’ என்றார். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வழி ஜெபத்தைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டு வீடுகளில் யார் வெளியூர் கிளம்பினாலும், வண்டியே வாசலில் வந்து நின்றாலும், எல்லோரும் முழங்கால் போட்டு, வீட்டுத் தலைவர் ஜெபம் பண்ணி, எல்லோரும் ஆமென் சொன்ன பிறகுதான் படி இறங்கலாம். அக்கம்பக்கத்தார் ராகு காலம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று சிரிப்போம். வழி ஜெபம் இல்லாமல் சாத்தூர் வரைகூடப் போகமாட்டோம். ஜெபம் நடக்கும்போது யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. ஒருமுறை ஜெபத்தின் நடுவில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பே அணைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடியபடியே இருந்தாள் அம்மா.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இந்த வழக்கத்துக்குக் கூர்மை அதிகம். ஜெபம் பண்ணி அனுப்பினால் அவள் அனுப்பிவைத்த பெண். ஜெபம் இல்லாமல் இறங்கிப்போனால் ஓடிப்போனவள். நடுவில் வேறொன்று கிடையாது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாளா, ஆளோடு ஓடினாளா என்றெல்லாம் ஊர் பிரித்துப் பார்க்காது.

செவ்வாய்க்கிழமை காலை தங்கையின் தகரப்பெட்டி வாசல் நிலையருகே தயாராக இருந்தது. செங்கோட்டையிலிருந்து மதுரைப் பக்கம் போகும் காலை ரயிலில்தான் நானும் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பள்ளிக்கூடம் போவது. அவளைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, நான் இறங்கும் ஊர் வரை துணையாகப் போவதாக ஏற்பாடு. யுத்த காலத்துப் பஸ்ஸெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடியவை. எந்த மேட்டில் நிற்கும் என்று சொல்லமுடியாது. தனியாகப் போகும் பெண்ணுக்கு ரயில்தான் மரியாதை. மத்தியான வண்டியில் போனால் இருட்டியபிறகுதான் மதுரை. ஆகவே காலை வண்டியை விட்டால் அந்த நாள் போயிற்று.

அப்பா முழங்கால் போட்டார். நாங்களும் போட்டோம். அவர் ஜெபம் சாதாரணமாகவே நீளம். அன்று ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். வழிப்பயணம் போன முற்பிதாக்கள் ஒவ்வொருவரையும் கைபிடித்து அழைத்து வந்தார். இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து ஊதல் கேட்டது. அவர்களை அவசரமில்லாமல் கானான் தேசத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் ஆமென் என்றார். ‘அடடா, வண்டி போயிட்டுதோ’ என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். சரி, மனிதர் தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்தோம்.

மறுநாள் புதன்கிழமை முன்ஜாக்கிரதையாகச் சீக்கிரமே ஜெபத்துக்கு உட்காரச் சொன்னேன். அவரும் சீக்கிரமே தொடங்கினார். அந்த அளவுக்கு நீளமும் கூட்டிக்கொண்டார். ஊதல் கேட்டபிறகுதான் ஆமென் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மில்லில் சங்கு செய்த வேலையை வீட்டில் ரயில் ஊதல் செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை கிணற்றடியில் தங்கை துணி அலசிக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் என்று பயந்துகொண்டு போனேன். அவள் அழுகிற ஜாதி இல்லை. துணியை அடித்த அடியில்தான் ஏதோ தெரிந்தது.

“அப்பா வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லட்டும்ணே, நான் இருந்துருதேன். அதையும் சொல்ல மாட்டேங்காவளே. வேண்டாம்னும் சொல்லாம போன்னும் சொல்லாம என்னைய முழங்கால்லயே வெச்சிருக்காவ” என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை அப்பா விடியுமுன்பே மில்லுக்குப் போய்விட்டதால் ஜெபமே நடக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்தில் மனிதர்கள் ஏதேதோ செய்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் போய் அகராதியைப் புரட்டினேன். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு பாதிரியார் எங்கள் அலமாரியில் விட்டுப்போன தலையணை அளவு அகராதி அது. சொற்களின் பூர்வீகமெல்லாம் அதில் இருக்கும். லீவு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அனுமதி என்ற பொருளில் வரும் லீவுக்கும், பிரியம் என்ற பொருளில் வரும் லவ்வுக்கும் ஒரே வேர் என்று போட்டிருந்தது. நம்பிக்கையைச் சொல்லும் பிலீவும் அதே குடும்பம். ஒருவன் பிரியப்பட்டு, நம்பி, ‘சரி’ என்று கொடுப்பதுதான் லீவாம். கிளம்பிப்போவதைச் சொல்லும் லீவு வேறு வம்சம். எழுத்து ஒன்றாகிவிட்டதே தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. அதன் ஆதிப்பொருள் போவதுகூட இல்லை, மிச்சமாக விட்டுவைப்பது. அதாவது அந்தச் சொல் போகிறவனைப் பார்த்துப் பிறந்ததல்ல, பின்னால் நிற்பவனைப் பார்த்துப் பிறந்தது. நம் ‘விடுப்பு’ம் ‘விடை’யும்கூட விடுவதில்தான் வந்து முடிகின்றன. பிடித்திருக்கும் கைக்குத்தானே விடுகிற வேலை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பா மில்லிலிருந்து வந்து முகம் கழுவும் நேரம் பார்த்து, இதை அவரிடம் சொன்னேன். குத்திக்காட்டத்தான் சொன்னேன். அவருக்கு ஆங்கிலச் சொல் என்றால் ஆசை உண்டு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

“பிரியம் இருக்கவன் குடுக்கதுதான் லீவுன்னு சொல்லுத, இல்லையா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“பிரியம் இருக்கதுனாலதாம்ல குடுக்க முடியல” என்றார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குமேல் எந்த அகராதியை வைத்துக்கொண்டு அவரோடு வாதாடுவது? என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதி இறங்குவதற்குள் செட்டியார்பட்டியிலிருந்து மாமா வந்து சேர்ந்தார்.

மாமா அம்மாவுக்கு மூத்தவர். செட்டியார்பட்டியில் பலசரக்குக் கடை, சபைக் கமிட்டியில் அங்கத்தினர், வேதக் கோயிலில் முதல் வரிசை. அவருடைய இரண்டாவது மகன் கடையில் உட்கார்ந்து நல்லெண்ணெய் அளந்துகொண்டிருந்தான். அவனுக்கு என் தங்கை முறைப்பெண். பெட்டி கட்டிய செய்தி அவர் காதுக்குப் போயிருக்கிறது. இரண்டு நாளாகப் பெட்டி நகரவில்லை என்ற செய்தியும் போயிருக்கிறது. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். அம்மாவிடம், மாப்பிள்ளைக்கு, அதாவது அப்பாவுக்கு, இதில் இஷ்டமில்லை என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், நாளைக்கே ஐயரைப் பார்த்து ஓலை வாசிக்கச் சொல்லிவிடுவோம் என்றார். எங்கள் சபைகளில் ஐயர் என்றால் போதகர். ஓலை வாசிப்பது என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பது. ஓலை வாசித்தபிறகு பின்வாங்கிய குடும்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அம்மாவுக்கு அண்ணன் சொல் வேதவாக்கு. அப்பா வழக்கம்போல, கடையில் வியாபாரம் எப்படி, மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தங்கை குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, பெட்டியை நிலையருகே நகர்த்தி வைத்தாள். மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்று, “ஜெபம் பண்ணுங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

அப்பா அவளையும் பெட்டியையும் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் தன் இடத்தில் முழங்கால் போட்டார். அம்மா, மாமா, நான் எல்லோரும் போட்டோம். தங்கை எல்லோருக்கும் பின்னால், நிலையருகே. அப்பா தொடங்கினார். ஆதாம் வந்தார், ஆபிரகாம் வந்தார், நான் மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அன்று என்னவோ அவர் சுருக்கிக்கொண்டே வந்தார். வனாந்தரத்தை நாலு வார்த்தையில் தாண்டினார். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. முடிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முடித்தால் எல்லோரும் எழுந்திருப்போம், மாமா நிலையை மறித்துக்கொண்டு ஏதாவது பேசுவார், அம்மா அழுவாள், ரயில் போய்விடும்.

அப்போது எனக்குப் பின்னால் தகரப்பெட்டியின் கைப்பிடி ‘கிணிங்’ என்றது.

ஒரே ஒரு சத்தம்தான். வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. அப்பாவின் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் குரல் முன்னைவிட உரக்க எழும்பியது.

“கர்த்தாவே, இந்த வேளையிலே எங்க கண்களும் மனசும் அலைபாயாதபடி, நாங்க ஒருத்தரும் உம்முடைய சமுகத்தைவிட்டு அசையாதபடி காத்துக்கொள்ளும்” என்றார்.

மாமா பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. எழுந்திருக்கத்தான் அவர் முழங்காலை அசைத்தார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் சபைக் கமிட்டிக்காரர், அந்த வார்த்தைக்குப் பிறகு எப்படி எழுந்திருப்பார்? அம்மாவுக்கோ பால் பொங்கியபோதே எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவள் விசும்பல் மட்டும் கேட்டது.

அப்பா நிறுத்தவில்லை. ராஜாவுக்காக ஜெபித்தார், யுத்தத்தில் இருப்பவர்களுக்காக ஜெபித்தார், சீமையிலிருக்கும் மிஷனெரிகளுக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தார். அவர்களெல்லாம் தீர்ந்துபோனார்கள். ரயில் வரவில்லை. உடனே மில்லுக்குள் நுழைந்துவிட்டார். பஞ்சு போகிற வழியிலேயே போனார். பஞ்சை அடித்துச் சுத்தம் பண்ணும் புளோரூம்காரர்களின் நெஞ்சைத் தூசியிலிருந்து காக்கும்படி கேட்டார். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் நிற்பவர்களின் விரல்களுக்காகக் கேட்டார். நூல் நூற்கும் ஸ்பின்னிங் பெண்களுக்காக, அவர்கள் தொட்டிலில் விட்டுவந்த பிள்ளைகளுக்காக, நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்காரர்களுக்காகக் கேட்டார். லீவு கேட்டு வந்து நின்றவர்கள் ஒவ்வொருவரின் கொழுந்தியாளும் மாமியாரும் அதில் வந்தார்கள். எல்லா விசாரணையையும் அவர் மறக்காமல் வைத்திருந்தார் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் கண்ணைத் திறந்தேன். வீட்டு வழக்கத்தை மீறி நான் ஜெபத்தில் கண் திறந்தது அந்த ஒரு முறைதான். அப்பாவும் திறந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் மட்டும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. தெருவில் தங்கை பெட்டியை இடுப்பில் குடம் வைப்பது போல வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள். ஸ்டேஷன் ரோட்டில் திரும்பி மறையும் வரை அவர் பார்த்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. கையை எடுத்தால் குரல் உடைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் வந்த பிரியத்தை அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் உணர்ந்ததில்லை.

ஜெபத்தில் நூலைப் பேலாக மூட்டை கட்டி முடிக்கும் நேரத்தில் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பேலை வண்டியில் ஏற்றினார். ஊதல் கேட்டது. வண்டி நகரும் சத்தம் வடக்கே தேய்ந்து அடங்குகிறவரை வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, “உம்முடைய கையிலே ஒப்புக்கொடுக்கிறோம், ஆமென்” என்றார்.

“ஆமென்” என்றோம் எல்லோரும். பழக்கம் அப்படி. மாமாவின் ஆமென் கோயிலில் சொல்வது போலவே உரத்து வந்தது.

எழுந்து பார்த்தால் நிலையருகே வெறும் தரைதான். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்கிற மாதிரி வாசல்படியில் போய் நின்றுகொண்டார்.

“புள்ள ஓடிட்டா மாப்பிள்ளை. ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சு ஓடிட்டா. நாளைக்கு ஜனம் கேட்டா என்ன சொல்லப்போறீக?” என்றார்.

அப்போது மில்லின் முதல் சங்கு ஊதியது. அப்பா பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல சமயம் கிடையாது. அவர் அது ஊதி முடிகிறவரை காத்திருந்தார். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினார். கோட்டை மாட்டிக்கொண்டு, படியில் நின்ற மாமாவின் பக்கத்தில் போய் நின்று, தெருவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

“ஓடல மச்சான். நாம எல்லாரும் முழங்கால் போட்டு அனுப்பி வெச்சிருக்கோம். நீங்களும்தான் ஆமென் சொன்னீக.”